நடனப் பாடகியின் காதல் பாடல் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்கப் பாப் பாடகி மடோனாவின் தொடக்ககால நடனப் பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அவருடைய மெதுவான பாடல்களையும் தேடிக் கேட்டேன். ஆட வைப்பதற்கென்றே பாடுகிறவர்கள் இடையில் ஒரு காதல் மெலடியைத் தனிப்பாடலாக வெளியிடுவது, புதிய கேட்பவர்களைப் பிடிப்பதற்கான சந்தைக் கணக்கு மட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது. 1985இல் வந்த அவருடைய ‘கிரேஸி ஃபார் யூ’வைக் கேட்கும்போதெல்லாம், இதை விட்னி ஹூஸ்டன் பாடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். குரலில் அந்தக் கனம் இல்லாதவர் ஏன் இத்தகைய பாடலை எடுத்துக்கொள்ள வேண்டும்? நான் கேட்டது பிற்காலத் தொகுப்பு ஒன்றில் உள்ள பதிவு. அது போதுமானதா என்பதையும் சொல்லுங்கள்.

ரா.

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

சந்தைக் கணக்கு என்ற உங்கள் ஐயம் பொதுவாக நியாயமானதே. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய பாடலுக்கு அது பொருந்தவில்லை. 1984 நவம்பரில் ‘லைக் எ வர்ஜின்’ தொகுப்பு வெளிவந்து, அதன் தலைப்புப் பாடல் அமெரிக்கப் பட்டியலில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அடுத்து வந்த ‘மெட்டீரியல் கேர்ள்’ இரண்டாம் இடம்வரை ஏறியது. அந்த வேகத்தின் நடுவில், ‘விஷன் குவெஸ்ட்’ என்ற திரைப்படத்துக்காகப் பாடிய ஒரு மெதுவான பாடல் வேறொரு நிறுவனத்தின் முத்திரையோடு கடைக்கு வருவதை அவருடைய சொந்த இசை நிறுவனம் விரும்பவில்லை. விற்றுக்கொண்டிருக்கும் தொகுப்புக்கு இது குறுக்கே நிற்கும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. ஆகவே இந்தப் பாடல் கணக்கால் வந்தது என்பதைவிட, கணக்கை மீறி வந்தது என்பதே சரியாக இருக்கும். 1985 மே மாதத்தில் அது ‘வீ ஆர் த வேர்ல்ட்’ பாடலை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தப் பாடலை உருவாக்கியவர்கள் யார் என்பதுதான். எழுதிய இருவரில் ஒருவரான ஜான் பெட்டிஸ், அண்ணன் தங்கையான கார்ப்பென்டர்ஸ் இருவருக்காக ‘டாப் ஆஃப் த வேர்ல்ட்’ உள்ளிட்ட மென்மையான பாடல்களுக்கு வரிகள் எழுதியவர். மற்றவரான ஜான் லிண்ட், ‘எர்த், விண்ட் அண்ட் ஃபயர்’ குழு 1979இல் பாடிய ‘பூகி வொண்டர்லேண்ட்’ என்ற டிஸ்கோ பாடலை எழுதிய இருவரில் ஒருவர். தயாரிப்பாளர் ஜான் ‘ஜெல்லிபீன்’ பெனிடெஸ், நியூயார்க்கின் ஃபன்ஹவுஸ் கிளப்பில் இசைத்தட்டு இயக்கி வளர்ந்தவர். 1983இல் மடோனாவின் ‘ஹாலிடே’யை உருவாக்கியவரும் அவரே. மெதுவான பாடல் அவருக்குப் பழகிய வேலையே அல்ல. முதலில் பதிவானது எழுதியவர்களுக்கு நிறைவு தராமல் போய், ராப் மவுன்ஸி இசைக்கோவையை மாற்றி அமைத்த பிறகே பாடல் இன்று நாம் கேட்கும் வடிவத்துக்கு வந்தது. காதல் மெலடியின் மரபும் நடனக் கூடத்தின் மரபும் ஒரே அறையில் உட்கார்ந்து, சற்றுச் சிரமப்பட்டே ஒன்றையொன்று புரிந்துகொண்டு செய்த பாடல் இது.

பாடலின் சூழலையும் கவனியுங்கள். அது நிலவொளியிலோ கடற்கரையிலோ தொடங்கவில்லை. ஓர் இருண்ட நடனக் கூடத்தில் தொடங்குகிறது. இசை எழுகிறது, அறிமுகமில்லாதவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுகிறார்கள், அவர்களுக்கு நடுவே ஒரு பெண் தன் நெஞ்சைக் கட்டுப்படுத்த முயன்றபடி ஒருவனை நோக்கி நடந்து போகிறாள். படத்திலும் மடோனா கிளப்பில் பாடும் பாடகியாகவே தோன்றி இதைப் பாடுகிறார். நடனப் பாடகி தன் இடத்தை விட்டு வெளியே போய் ஒரு காதல் பாடலைத் தேடிக்கொண்டு வரவில்லை. அவர் அதுவரை பாடிக்கொண்டிருந்த அதே தளத்தில் தாளம் தணியும்போது, ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்திக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் பாடுகிறார்.

இப்போது குரலுக்கு வருகிறேன். நடனப் பாடலில் டிரம் மெஷினும் சின்தசைசர் பேஸும் இடைவெளி விடாமல் ஓடிக்கொண்டிருப்பதால், பாடகரின் குரல் அவற்றில் ஒன்றாகக் கலந்து நின்றால் போதும். சொல் முடிந்த இடத்தை அடுத்த அடி மூடிவிடும். மெதுவான பாடலில் அந்த மறைவு கிடையாது. ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள வெற்றிடம், மூச்சு இழுக்கும் ஓசை, நீட்டிய சுரம் எங்கே தளர்கிறது என்பது, எல்லாமே வெளியே தெரியும். அந்தச் சோதனையில் மடோனாவின் குரல் மெலிந்தது என்பது உண்மை. ஆனால் தாளத்தோடு பழகியவருக்கு ஒரு சொல்லை எந்தக் கணத்தில் வைக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற தெளிவு இருக்கும். சரணங்களில் அவர் தாழ்ந்த சுரங்களில், ஏறக்குறையப் பேசும் குரலில், எந்த அலங்காரமும் இல்லாமல் பாடிக்கொண்டு வருவதையும், பல்லவிக்கு முன்னால் மெட்டு ஏறும் இடம்வரை தன்னை இறுக்கிப் பிடித்திருப்பதையும் கேட்டுப் பாருங்கள். தன்னை அடக்கிக்கொள்ளப் பாடுபடும் ஒரு பெண்ணின் நிலையை அந்த மெலிந்த குரல் நம்ப வைக்கிறது.

விட்னி பாடியிருந்தால் நாம் வேறொரு பாடலைக் கேட்டிருப்போம். அவருடைய குரலில் ஐயத்துக்கு இடமில்லை. எதற்கும் அஞ்சாத ஆற்றல் அது. 1986 கிராமி விருதுகளில் இருவரும் ஒரே பிரிவில் பரிந்துரைக்கப்பட்டு, ‘சேவிங் ஆல் மை லவ் ஃபார் யூ’வுக்காக விட்னி வென்றார். பாடும் திறனுக்கான பரிசு அவருக்குப் போனது முற்றிலும் சரி என்றே நானும் கருதுகிறேன். எனினும் முதல்முறையாக ஒருவரை இப்படி விரும்புகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் இந்த வரிகளுக்கு, பயிற்சியின் முழுமை எட்டாத குரலே பொருந்துகிறது. குரலின் அளவை மட்டும் வைத்துப் பாடலுக்கும் பாடகருக்கும் உள்ள பொருத்தத்தை முடிவு செய்துவிட முடியாது.

உங்கள் ஐயத்துக்கு உண்மையான இடம் 1994. ‘எரோட்டிகா’ தொகுப்பும் அதோடு வந்த புகைப்பட நூலும் எழுப்பிய கடுமையான எதிர்ப்புக்குப் பின், ‘ஐ’ல் ரிமெம்பர்’, பாடகரும் தயாரிப்பாளருமான பேபிஃபேஸுடன் சேர்ந்து எழுதிய ‘டேக் எ பவ்’ என்று ஒரே ஆண்டில் இரண்டு மென்மையான பாடல்கள் வந்தன. பிம்பத்தைத் தணிக்கும் நோக்கம் அதில் இருந்தது என்றால் நான் மறுக்க மாட்டேன். ஆயினும் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்த ‘டேக் எ பவ்’வைக் கேட்கும்போது, பேபிஃபேஸின் மிருதுவான துணைக்குரல் பக்கத்தில் நிற்க, மடோனா குரலை உயர்த்தாமலேயே ஒரு பிரிவைச் சொல்லி முடிப்பதுதான் என் காதில் நிற்கிறது. நோக்கம் கலந்திருந்தாலும் பாட்டு நன்றாக அமையலாம்.

நீங்கள் கேட்ட தொகுப்பு 1990இல் வந்த ‘தி இமாக்குலேட் கலெக்‌ஷன்’ ஆக இருந்தால், அதில் உள்ளது ஒலியைச் சுற்றிலும் பரப்பிக் காட்டும் கியூசவுண்ட் முறையில் மறுகலவை செய்யப்பட்ட வடிவம். 1985ஆம் ஆண்டின் தனிப்பாடல் பதிவையோ ‘விஷன் குவெஸ்ட்’ இசைத்தட்டையோ தேடி, ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். சரணங்களில் குரல் எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைக் கவனித்து, உங்களுக்குத் தோன்றுவதை மறுபடியும் எழுதுங்கள்.

அன்புடன்.