வார் கட்டாத நாயும் வந்து மூன்று வாரமான தம்பியும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் இடது கை நடுவிரல் தானாக மடங்கிக்கொண்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்டவை நான்கு. இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பூங்காவில் வார் கட்டாத நாய் ஒன்று ஓடிவந்து உங்கள் நான்கு வயது மகள் மேல் தாவிவிட்டது. நாய்க்காரர் தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு "ஒன்றும் செய்யமாட்டான், விளையாடுகிறான்" என்றாராம். பொது இடத்தில் நாயைக் கட்டித்தான் கூட்டிவர வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லையா, போலீசில் சொல்லலாமா என்பது முதல் கேள்வி. மற்றவை பள்ளிச் சேர்க்கை, ஹீட்டர் செலவு, ஓட்டுநர் உரிமம். பள்ளிக்கு உங்கள் கவுன்சிலின் (நம்மூர் நகராட்சி மாதிரி) இணையதளத்தைப் பாருங்கள். ஹீட்டர் செலவு குறைய நல்ல கம்பளிச் சட்டையாக நான்கு வாங்குங்கள். நம் ஊர் உரிமத்தை வைத்துக்கொண்டு 12 மாதம் கார் ஓட்டலாம். அதற்குள் இந்த நாட்டுத் தேர்வை முடித்துவிடுங்கள். நாய் விஷயத்துக்கு வருவோம். அதைப் பற்றி இருபது வருடமாக இங்கே இருப்பவர்களே தப்பும் தவறுமாகப் பேசுகிறார்கள்.

முதலில் ஒரு எண்ணத்தைக் கலைத்துவிடுகிறேன். எல்லாப் பொது இடத்திலும் நாயை வாரில் பிடித்துத்தான் வர வேண்டும் என்ற ஒற்றைச் சட்டம் இங்கிலாந்தில் கிடையாது. நம்மவர்கள் பலர் இது தெரியாமல் பூங்கா நடுவில் நின்றுகொண்டு "சட்டம் தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எதிரே நிற்பவருக்குத் தெரியும். தெரியாதது நமக்குத்தான். லண்டன் டூட்டிங்கில் ஒரு பாட்டியம்மாவிடம் அப்படி வாதாடித் தோற்று, அவர் நாயே என்னைப் பரிதாபமாகப் பார்க்கும்படி திரும்பியவன் நான்.

சட்டம் பார்ப்பது நாய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை. 1991-ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தில் மூன்றாவது பிரிவைத் தேடிப் படியுங்கள். எந்த இனத்து நாயாகவும் இருக்கட்டும், ஆபத்தான முறையில் கட்டுமீறிப் போனால் உரிமையாளர் மாட்டுவார். அந்த நேரத்தில் வேறொருவர் பொறுப்பில் நாய் இருந்தால் அவரும் மாட்டுவார். கடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி அது நடந்துகொண்டாலே போதும். அந்த "நியாயமாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வாலாட்டிக்கொண்டு போகும் நாயைப் பார்த்து நடுங்கினால் அது நம் பாடு. குரைத்துக்கொண்டு விரட்டி, குழந்தையைக் கீழே தள்ளினால் அது நாய்க்காரர் பாடு. 2014 மே மாதத்திலிருந்து வீட்டுக்குள், தோட்டத்துக்குள் நடந்தாலும் இது பொருந்தும். ஆளுக்குக் காயம் பட்டால் 5 ஆண்டு, உயிர் போனால் 14 ஆண்டு வரை சிறை உண்டு.

அப்படியானால் வார்? அது இடத்துக்கு இடம் மாறும். சாலைவிதிப் புத்தகத்தில் 56-ஆம் விதி, நடைபாதையிலும் சாலையிலும் சைக்கிளோ குதிரையோ சேர்ந்து போகும் பாதையிலும் நாயைக் குட்டையான வாரில் பிடித்துக்கொள் என்கிறது. பூங்காக்களுக்குக் கவுன்சில்தான் ராஜா. 2014-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, பொது இடப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்றை அவர்கள் பிறப்பிக்கலாம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் நாயே கூடாது, இந்தப் புல்வெளியில் வார் கட்டாயம், அந்தப் பக்கம் அவிழ்த்து விடலாம், அதிகாரி சொன்னால் உடனே கட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதிப் பூங்கா வாசலில் பலகை வைத்திருப்பார்கள். மீறினால் அந்த இடத்திலேயே 100 பவுண்ட் வரை அபராதம். நீதிமன்றத்துக்குப் போனால் 1,000 பவுண்ட் வரை. ஆகவே அடுத்த முறை நாயைப் பார்ப்பதற்கு முன் பலகையைப் பாருங்கள். அந்தப் பகுதியில் வார் கட்டாயம் என்றால் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு கவுன்சிலில் புகார் செய்யலாம். கடித்துவிட்டது, ஆனால் ஆபத்து நீங்கிவிட்டது என்றால் போலீசுக்கு 101. தாக்குதல் நடந்துகொண்டிருந்தால் 999.

பலகையைப் பற்றிச் சொல்லும்போது நண்பர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். கொரோனா ஊரடங்கில் நம்மவர்கள் பாதிப் பேர் புளித்த மாவு ரொட்டி சுட்டார்கள், மீதிப் பேர் நாய் வாங்கினார்கள். இவர் ஒரு ஹஸ்கி வாங்கினார், ஒரு பழைய கார் வாங்கும் விலைக்கு. "ராஜ பரம்பரை, இதைப் போய்க் கட்டுவதா" என்று அவிழ்த்து விட்டபடியே கூட்டிப் போவார். கூப்பிட்டால் வராது, அது ராஜா அல்லவா. ஒருநாள் அபராதச் சீட்டு கிடைத்தது. அன்று மாலை எனக்குப் போன் செய்து, நம் நிறத்தைப் பார்த்துத்தான் பிடித்தார்கள் என்று ஒரு மணி நேரம் பொரிந்தார். இந்த நாட்டில் நிறவெறி இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அனுபவித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பலகை அவர் நின்ற இடத்துக்கு நேர்மேலே, அவர் தலையைவிடப் பெரிதாக இருந்தது.

இன்னொரு வகை நம்மவர்கள், நாயைக் கண்டதும் வீறிட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள். ஓடினால் நாய் துரத்தும். அதற்கு அது விளையாட்டு. உங்கள் மகளுக்கு இன்றே சொல்லிக்கொடுங்கள்: மரம் மாதிரி நில், கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள், நாயின் கண்ணைப் பார்க்காதே, உன் காலைப் பார். நீங்கள் நாய்க்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்று, "தயவுசெய்து உங்கள் நாயைக் கூப்பிடுங்கள், குழந்தை பயப்படுகிறாள்" என்று உரக்கச் சொல்லுங்கள். அந்த "தயவுசெய்து"வை விட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் கோபத்தைக்கூட அதில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் "நாயிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று மிரட்டுவதையும் நிறுத்துங்கள். நீங்கள் அப்படிச் செய்வதாக எழுதவில்லை. ஆனால் நம் வீடுகள் எனக்குத் தெரியும்.

எக்ஸ்எல் புல்லி என்ற இனத்துக்கு மட்டும் பேச்சே இல்லை. 2023 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை வெளியே கொண்டுவந்தால் வாரும் வேண்டும், வாய்ப்பூட்டும் வேண்டும். 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். வாய்ப்பூட்டு இல்லாமல் பார்த்தால் வாதாடாதீர்கள். விலகிப் போய்ப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

இப்போது விரல் கதை. 2001 ஜனவரியில் வந்தேன். படிப்பு ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். கிடைத்த வேலை வீடு வீடாகப் போய்ப் பீட்சா கடை விளம்பரத் தாள்களைக் கதவில் உள்ள தபால் துவாரத்தில் போடுவது. அந்தத் துவாரத்துக்கு வெளியே ஒரு பித்தளை மூடி, ஸ்பிரிங் வைத்தது. உள்ளே தூரிகை மாதிரி விறைப்பான மயிர் வரிசை. தாள் மெல்லியது என்பதால் அதைத் தாண்டாது, மடங்கி நிற்கும். விரலையும் சேர்த்து உள்ளே தள்ளினால்தான் விழும். குரைக்கிற நாய் இருக்கும் வீட்டில் நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். அந்த வீட்டு நாய் குரைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. நகத்துக்குக் கீழே ஒரு கவ்வல். கையை இழுத்தால் பித்தளை மூடி மேலிருந்து கடித்தது, நாய் உள்ளிருந்து கடித்தது.

ரத்தத்தைவிடப் பெரிய பயம் வேறு. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று கேட்டு வளர்ந்தவன். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஊசியை எண்ணிக்கொண்டு. நர்ஸ் காயத்தைக் கழுவினார், டெட்டனஸ் ஊசி ஒன்று போட்டார், மாத்திரை கொடுத்தார், போகலாம் என்றார். வெறிநாய்க்கடி ஊசி எங்கே என்று கேட்டேன். அந்த நோய் இந்த நாட்டு நாய்களிடம் இல்லை என்றார். உண்மைதான், 1922-லேயே ஒழித்துவிட்டார்கள். வௌவால் கடித்தால் மட்டும் இங்கேயும் அலட்சியம் கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்தச் சலுகையை மறந்துவிடுங்கள். அங்கே நாய் கீறினாலும் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த வீட்டுக்காரரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. துவாரத்துக்குள் விரல் விட்டது என் தப்பு என்றே நினைத்தேன். பல வருடம் கழித்து, 2020-இல், ஒரு தபால்காரரின் விரல் போன வழக்கில் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: உரிமையாளர் வீட்டில் இல்லாவிட்டாலும், துவாரத்தின் வழியே நாய் கடித்தால் அவர் குற்றவாளியாகலாம். அதைப் பத்திரிகையில் படித்தபோது மனைவியைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன்.

இத்தனைக்கும் இப்போது என் வீட்டிலேயே ஒரு லாப்ரடார் இருக்கிறது. பெயர் முத்து. மகள் அடம்பிடித்து வாங்கியது. நடத்திக் கூட்டிப் போவது நான். கழுத்துப்பட்டையில் பெயரும் முகவரியும், தோலுக்குள் மைக்ரோசிப்பும் இரண்டுமே சட்டப்படி வேண்டும், செய்திருக்கிறேன். அதன் கழிவைப் பையில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறேன். மரக்கிளையில் தொங்கவிடுவதில்லை. அப்படித் தொங்கவிடுகிற இந்த ஊர்க் கனவான்கள் யார், எந்த நேரத்தில் வருகிறார்கள், தேவதைகள் வந்து எடுத்துப் போவார்கள் என்று நினைக்கிறார்களா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாய் வாங்கிய பிறகுதான் வாரின் அருமை தெரிந்தது. லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் மான்கள் குட்டி போடும் காலத்தில், மே முதல் ஜூலை வரை, வார் கட்டாயம். எல்லோரும் நடக்கத் திறந்துவிட்ட மலைச்சரிவுகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, இரண்டு மீட்டருக்கு மேற்படாத வார் வேண்டும். ஆடுமாடு பக்கத்தில் இருந்தால் வருடம் முழுவதும் வேண்டும். சினை ஆட்டை நாய் துரத்தினாலே போதும், தொடாமலே குட்டி கலைந்துவிடும். துரத்தும் நாயை நிறுத்த வேறு வழியில்லை என்றால் விவசாயி சுட்டுவிடலாம். 48 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவித்தால் நஷ்டஈடு வழக்கில் அவருக்குச் சட்டம் துணை நிற்கும்.

ஆனால் ஒரு சமயத்தில் வாரை விட்டுவிட வேண்டும், அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சவுத் டவுன்ஸ் மலையில் ஒரு வேலியைத் தாண்டி உள்ளே போனோம். இளங்காளைகள் பத்துப் பன்னிரண்டு, நம்மூர் மாடு மாதிரி சாதுவாக நின்றன. பிறகு ஒன்று நடந்தது, மற்றவை நடந்தன, எல்லாம் சேர்ந்து ஓட ஆரம்பித்தன. என் மனைவி வாரை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிப் பிடித்திருந்தார். அடுத்த வேலியிலிருந்து ஒரு பெரியவர் "விடு, நாயை விடு" என்று கத்தினார். விட்டதும் முத்து அம்பு மாதிரி ஒரு பக்கம் பறந்தது, மாடுகள் அதன் பின்னால் திரும்பின, நாங்கள் வேறு பக்கம் விழுந்தடித்து ஏறினோம். மாடுகள் விரட்டுவது நாயைத்தான். கட்டிப்போட்டால் நடுவில் மிதிபடுவது நாம். நாட்டுப்புற நடைவிதிகளிலும் இதையேதான் எழுதியிருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். முத்து எங்களுக்கு முன்னால் காரடியில் போய் உட்கார்ந்திருந்தது.

வெளியே அத்தனை சாது. வீட்டில் தபால் துவாரத்தின் மூடி அசைந்தால் மட்டும் அதற்கு என்னவோ ஆகிவிடுகிறது. போன வருடம் ஒரு மின்கட்டணக் கடிதத்தைச் சல்லடையாக்கியது. எங்கள் தெருவுக்கு விளம்பரத் தாள் போட இப்போது ஒரு பையன் வருகிறான், தோளில் பை, கையில் உறை இல்லை. ஐதராபாத் பக்கம் என்றான். அவன் வர ஆரம்பித்த வாரமே கதவின் உட்புறத்தில் ஒரு கம்பிக்கூடை வாங்கி நானே திருகி மாட்டினேன்.