கழிவுநீர்க் கணக்கு: காவிரிப் படுகை வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நகராட்சிகளிலிருந்து வரும் கழிவுநீர்ப் புள்ளிவிவரங்களைத் தொகுத்து மேலிடத்துக்கு அனுப்பும் மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தப் பதில்களை எழுதுகிறேன். சாக்கடை அடைப்பு, துர்நாற்றம், கொசு ஆகியவை பற்றிய புகார்களுக்கு நான் உரிய ஆள் அல்லன். அவற்றை உங்கள் நகராட்சிக்கே எழுதுங்கள்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: ஐயா, இந்திய நகரங்களில் உருவாகும் கழிவுநீரில் 44 சதவீதம் சுத்திகரிக்கப்படுவதாக ஓரிடத்தில் படித்தேன், இன்னோரிடத்தில் 28 சதவீதம் என்றிருக்கிறது. எது சரி?

இரண்டும் ஒரே அறிக்கையிலிருந்து பிறந்தவை, அம்மா. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு 72,368 எம்.எல்.டி. கழிவுநீர் உருவாகிறது. நிறுவப்பட்ட நிலையங்களின் மொத்தத் திறன் 31,841 எம்.எல்.டி.; அதாவது 44 சதவீதம். அவற்றில் இயங்கும் நிலையங்களின் திறன் 26,869. இப்போது 37 சதவீதமாகிவிட்டது. அந்த நிலையங்களுக்குள் உண்மையில் வந்து சேர்ந்த நீர் 20,235. இது 28 சதவீதம். விதித்த தரத்துக்கு உட்பட்டு நீரை வெளியேற்றிய நிலையங்களின் திறனை மட்டும் எடுத்தால் 12,197. வெறும் 17 சதவீதம். மேடையில் பேசுபவர் முதல் எண்ணைச் சொல்வார், வழக்குப் போடுபவர் கடைசி எண்ணைச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. திறன் வேறு, சுத்திகரிப்பு வேறு என்பதை மட்டும் நீங்கள் மறக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் இதை நான் மீண்டும் சொல்ல நேரிடும் என்று நினைக்கிறேன்.

மன்னார்குடி, வணிகர்: எம்.எல்.டி. என்றால் என்ன?

நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். ஆயிரம் கன மீட்டர் என்றாலும் அதுவேதான்.

தஞ்சாவூர், கட்டடப் பொறியாளர்: உருவாகும் கழிவுநீரை எந்த மீட்டரை வைத்து அளக்கிறார்கள்?

எந்த மீட்டரையும் வைத்து அளப்பதில்லை. அது மதிப்பீடு. ஆளுக்கு இத்தனை லிட்டர் குடிநீர் வழங்கப்படுகிறது, அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டு மக்கள்தொகையால் பெருக்குகிறார்கள். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்கு மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேடு ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்திருக்கிறது. 2021 அறிக்கையோ 185 லிட்டர் என்று வைத்துக் கணக்கிட்டது.

ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 135 லிட்டர் என்று வைத்தால் உருவாகும் கழிவுநீர் 16.2 எம்.எல்.டி.; 185 என்று வைத்தால் 22.2 எம்.எல்.டி. அந்த ஊரின் நிலையத்துக்கு நாள்தோறும் 12 எம்.எல்.டி. வருகிறது என்றால், முதல் கணக்கில் 74 சதவீதம் தேறும், இரண்டாவதில் 54தான் தேறும். அதே குழாய், அதே நீர், அதே ஊழியர்கள். வகுக்கும் எண்ணை மாற்றியதில் இருபது சதவீதம் காணாமல் போயிற்று. ஆகவே யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், முதலில் கீழே நிற்கும் எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நமது படுகையில் பலர் குழாய் நீரோடு வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரையும் பயன்படுத்துகிறார்கள் என்பதும், அது எந்த வழங்கல் பதிவேட்டிலும் இல்லை என்பதும் இந்தச் சிக்கலுக்கு மேல் இன்னொரு சிக்கல்.

திருவாரூர் மாவட்டம், நகராட்சி ஊழியர்: எங்கள் நிலையத்தின் உள்வரவு மீட்டர் பழுதாகிப் பல மாதங்களாகிவிட்டன. பம்பு ஓடிய மணி நேரத்தைப் பம்பின் திறனால் பெருக்கி எழுதுகிறோம். இது தவறா ஐயா?

தவறு என்று சொல்ல மாட்டேன். அப்படித்தான் கணக்கிட்டீர்கள் என்பதை எழுதாமல் விடுவதுதான் தவறு. தேய்ந்த பம்பு தன் பெயர்ப்பலகையில் உள்ள அளவுக்கு இறைக்காது. ஒருமுறை வாளியை வைத்தாவது, தொட்டியின் மட்டம் ஏறும் வேகத்தைக் கடிகாரம் பார்த்தாவது உண்மை இறைப்பைக் கண்டு அந்த எண்ணால் பெருக்குங்கள்.

நான் பார்த்த ஒரு பதிவேட்டைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு மாதம் முழுவதும் உள்வரவுக் கட்டத்தில் 4.20 என்று எழுதியிருந்தது. அதே நீல மை, அதே சாய்வு, ஒரே மூச்சில் மேலிருந்து கீழ் வரை எழுதிய கை. பக்கத்துக் கட்டத்தில் அதே கை, 17ஆம் தேதி பகல் முழுவதும் மின்சாரம் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று நேர்மையாகக் குறித்திருந்தது. அன்றைக்கும் 4.20தான். அந்த எண் மாவட்டத்துக்குப் போயிற்று, அங்கிருந்து மாநிலத்துக்குப் போயிற்று. அதைத் தடுக்க வேண்டிய மேசையில் இருந்தவன் நான். காலாண்டு அறிக்கைக்குக் கெடு நெருங்கியிருந்ததால் கையெழுத்துப் போட்டேன்.

மழைக்காலத்தையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆள்நுழைவுக் குழிகளின் மூடி வழியாகவும் விரிசல் விட்ட குழாய் வழியாகவும் மழைநீரும் நிலத்தடி நீரும் உள்ளே புகுகின்றன. நிலையத்தின் உள்வரவு கூடுகிறது, ஆண்டறிக்கையில் சுத்திகரிப்பு கூடியதாகத் தெரிகிறது, கூடியது மழைதான். மழையில்லாத நாள்களின் சராசரியைத் தனியாக எழுதி வையுங்கள்.

மயிலாடுதுறை, இல்லத்தரசி: எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை பொங்கி வழிகிறது. யாரிடம் சொல்வது?

நகராட்சியிடம், அம்மா. தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

வலங்கைமான், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை கிடையாது; ஆனால் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது. அதைச் சுத்திகரிப்பாகச் சேர்க்காமல் எங்கள் ஊர்களுக்குப் பூஜ்ஜியம் போடுவது அநியாயம் அல்லவா?

அநியாயம்தான் ஐயா, பாதி அளவுக்கு. ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் புள்ளிவிவர வினாத்தாள் செப்டிக் டேங்கைத் தனித்த சுத்திகரிப்பு அமைப்பு என்ற தலைப்பில் தனியே கேட்கிறது. அதைப் பூஜ்ஜியமாகக் கருதுவதில்லை. லாரி மூலம் உறிஞ்சி எடுத்து நகரச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டப்படும் சேமிப்புத் தொட்டிகளை மட்டும் அந்தத் தலைப்பிலிருந்து விலக்கி, நகர அமைப்போடு சேர்க்கச் சொல்கிறது. நம் நாட்டில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையப் பட்டியலில் செப்டிக் டேங்குக்கு இடமே இல்லாததால்தான் உங்கள் ஊர் வெறுமையாகத் தெரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புற வீடுகளில் 32.7 சதவீதம் சாக்கடைக் குழாயோடும் 38.2 சதவீதம் செப்டிக் டேங்கோடும் இணைந்திருந்தன. இவற்றில் பெரிய பங்கைப் பார்க்காத பட்டியலை முழுக் கணக்கு என்று சொல்ல முடியாது.

பாபநாசம், கட்டட மேஸ்திரி: ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை. முப்பது வருடமாகக் கட்டிக் கொடுக்கிறேன். இங்கே பல வீடுகளில் செப்டிக் டேங்க் என்பது அடியில் பூச்சு இல்லாமல் இறக்கிய நான்கு சிமெண்ட் உறைதான். அதை எப்படிச் சுத்திகரிப்பு என்று எழுதுவீர்கள்?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கியது வீண்போகவில்லை. செப்டிக் டேங்குக்கு ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலை உண்டு. நீர் கசியாத அடிப்பாகம், தடுப்புச் சுவர், வெளியேறும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழி எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் சொல்லும் உறைக்குழி அதில் எதுவுமில்லை. ஆனால் கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்று கேட்கிறார். வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் என்கிறார். அவர் அப்படியே குறித்துக்கொள்கிறார். மண்ணுக்குள் புதைந்திருப்பதை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

வலங்கைமான், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மேஸ்திரி சில வீடுகளை வைத்து எல்லாரையும் குறை சொல்கிறார். என் வீட்டுத் தொட்டி முறைப்படி கட்டியது. ஏழு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை.

ஏழு வருடமாகத் தொல்லை இல்லை என்றால் ஏழு வருடமாக அள்ளவில்லை என்றும் பொருள் ஐயா. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டலை அகற்ற வேண்டும். வண்டல் நிரம்பிய தொட்டியில் நீர் தங்கித் தெளிய இடமே இருக்காது. வந்த வேகத்தில் வெளியே போகும். நல்ல நிலையில் உள்ள தொட்டிகூடக் கரிமமாசில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் குறைக்கும். மீதியை மண் வடிகட்ட வேண்டும்.

இங்கேதான் நமது படுகையின் மண் குறுக்கே நிற்கிறது. கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் ஏறி உறிஞ்சு குழியே நீரை வெளியே தள்ளும்போது, கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் வட்டமிட்டு நிற்பதைப் படுகைவாசிகள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அப்போது வீட்டுக்காரர் செய்வது ஒன்றே: தொட்டியின் மேல்பக்கத்தில் ஒரு நாலங்குலக் குழாயைச் செருகித் தெருச் சாக்கடைக்கோ கொல்லை வாய்க்காலுக்கோ திருப்பிவிடுவார். தை பிறந்து நீர் வடிந்த பிறகும் அந்தக் குழாய் அங்கேயே இருக்கும். 2011 கணக்கெடுப்பு கழிப்பறையின் வகையைக் கேட்டது. வீட்டுக் கழிவுநீர் மூடிய வடிகாலுக்குப் போகிறதா, திறந்த வடிகாலுக்கா என்றும் தனியாகக் கேட்டது. தொட்டியின் வெளிப்போக்குக் குழாய் எங்கே முடிகிறது என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தால் ஆசிரியரும் மேஸ்திரியும் சண்டையிட வேண்டியதில்லை.

பாபநாசம், மேஸ்திரி: அப்படியானால் பூஜ்ஜியம்தானே?

இல்லை. முறைப்படி கட்டி, முறைப்படி அள்ளி, மண்ணுக்குள் விடுவது அட்டவணையில் ஒரு பத்தி. அள்ளிய வண்டலைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ப்பது இன்னொரு பத்தி. தெருவில் முடியும் குழாய் மூன்றாவது பத்தி. மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்தால் நீங்களும் தோற்பீர்கள், ஆசிரியரும் தோற்பார். இரண்டாவது பத்தி கனவு அன்று: செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் வண்டலுக்கென்றே, நாளொன்றுக்கு 23.3 ஆயிரம் லிட்டர் திறனில் ஒரு நிலையம் இருக்கிறது. திருச்சியில் லாரிகள் பாதாளச் சாக்கடையின் கழிவுநீரேற்று நிலையங்களில் கொட்ட ஏற்பாடு உண்டு. லாரி எத்தனை நடை வந்தது என்ற சீட்டுதான் அந்தப் பத்தியின் ஆதாரம். அந்தி சாய்ந்தபின் வடிகால் வாய்க்காலில் குழாயை இறக்கும் லாரிக்குச் சீட்டு கிடையாது. அது எந்தப் பத்தியிலும் ஏறாது. இந்த வாதத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

காரைக்கால், பத்திரிகை முகவர்: நாங்களும் காவிரிப் படுகைதானே? தமிழ்நாட்டு அட்டவணையில் காரைக்கால் இல்லையே?

நீங்கள் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அட்டவணையில் இருக்கிறீர்கள். அரசலாறு கும்பகோணத்தின் அழுக்கோடு வந்து காரைக்காலில்தான் கடலில் விழுகிறது. ஆனால் எண்கள் எல்லைக்கோட்டில் நின்றுவிடுகின்றன. ஆற்றுப் படுகைவாரியாகத் தொகுக்க வேண்டும் என்று பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். நிர்வாகம் மாவட்டவாரியாகப் பணம் ஒதுக்குவதால் எண்ணும் மாவட்டவாரியாகவே வருகிறது.

நீடாமங்கலம், அரிசி ஆலை உரிமையாளர்: நெல் அவிக்கும் நீரும் இதில் வருமா?

வரும், ஆலைக் கழிவுநீர் என்ற பிரிவில். நீர்ச்சட்டம் 1974இன் கீழ் பெற்ற இசைவு ஆணையில் உள்ள அளவு அனுமதி மட்டுமே. நீங்கள் உண்மையில் வெளியேற்றியதை எழுதுங்கள். நகரச் சாக்கடையில் விட்டால் இரண்டு இடத்திலும் எண்ணிவிடாதீர்கள்.

பட்டுக்கோட்டை, விவசாயி: வயல் வடிகாலில் போகும் உரமும் மருந்தும்?

அது பரவல் மாசு; ஒரு குழாய் வாயிலிருந்து வராமல் பரந்த நிலத்திலிருந்து கசிந்து வருவது. முக்கியமானது, ஆனால் இந்தக் கணக்கில் வராது.

திருவையாறு, சூழலியல் ஆர்வலர்: காவிரி நீர்த் தரத்தை எந்த மாதத்தில் எடுத்த மாதிரியை வைத்து நம்ப வேண்டும்?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுகிறது. திறந்த காலத்தில் எடுத்த மாதிரியில் கழிவுநீர் கரைந்து மறைந்துவிடும். பங்குனி, சித்திரையில் மணலுக்கு நடுவே ஓடும் அந்த மெல்லிய ஓடை பெரும்பாலும் ஊர்களின் கழிவுநீர்தான். மத்திய வாரியம் 2018இல் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரியை முதல் முன்னுரிமை மாசுப்பகுதியில் வைத்தது; பி.ஓ.டி., அதாவது நீரிலுள்ள கரிமமாசை நுண்ணுயிரிகள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்த வரிசை. ஆண்டுச் சராசரியை ஒதுக்கிவிட்டு மாதவாரியான எண்ணைக் கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டி, மாணவர்: தமிழ்நாட்டில் எத்தனை சதவீதம் சுத்திகரிக்கப்படுகிறது? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். 2021 அறிக்கையில் தமிழ்நாட்டுக்கு உருவாக்கம் 6,421, நிறுவிய திறன் 1,492 எம்.எல்.டி. திறன் வேறு, சுத்திகரிப்பு வேறு. இதற்குமேல் ஒரே எண் என்னிடமிருந்து வராது.

நாகப்பட்டினம், தரவு உள்ளீட்டாளர்: படிவத்தில் தகவல் வராத கட்டங்களை 0 என்று நிரப்பலாமா? மென்பொருள் காலியாக விட மறுக்கிறது.

நிரப்பாதீர்கள். பூஜ்ஜியம் என்றால் அங்கே சுத்திகரிப்பு நடக்கவில்லை என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். காலி என்றால் யாரும் சொல்லவில்லை என்று பொருள். கூட்டும்போது இரண்டும் ஒன்றாகிவிடும், பிறகு எந்தப் புள்ளியியல் நிபுணராலும் பிரிக்க முடியாது. மென்பொருள் மறுத்தால் குறிப்புப் பகுதியில் தகவல் பெறப்படவில்லை என்று எழுதி, அதன் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டி, அதே மாணவர்: மன்னிக்கவும் ஐயா, இப்போது படித்துவிட்டேன். பக்கத்து நகராட்சியின் நிலையம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத விரும்புகிறேன். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஆண்டறிக்கையைக் கேட்காதீர்கள். ஒரு சித்திரை மாதத்துக்கும் ஒரு கார்த்திகை மாதத்துக்கும் உரிய தினசரி உள்வரவுப் பதிவேட்டின் நகல், அதே நாள்களின் மின்தடைக் குறிப்பு, பம்பு ஓடிய நேரம், உள்வரவு மீட்டர் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி ஆகிய நான்கையும் கேளுங்கள். நகல் வந்ததும் எண்களைக் கூட்டுவதற்கு முன்னால் கையெழுத்தைப் பாருங்கள்.