பாலைவனச் செடிகள் தண்ணீர் இல்லாமல் எப்படிப் பிழைக்கின்றன?

முள்தான் காரணம் என்று பலரும் நினைப்பார்கள். முள் உதவுகிறது, ஆனால் பெரிய வேலையைச் செய்வது இலைத்துளை (இலையிலும் பச்சைத் தண்டிலும் காற்று போய்வரும் நுண்துளை) திறக்கும் நேரம்தான்.

உணவு தயாரிக்கக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதை எடுக்கத் துளையைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும். அதனால் கள்ளியும் கற்றாழையும் வெப்பம் தணிந்த இரவில் துளைகளைத் திறந்து, வாயுவை மாலிக் அமிலமாக்கிச் செல்களில் சேமிக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன. சேமிப்பிடம் குறைவு என்பதால் வளர்ச்சி மந்தம். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் பரவிய சொனோரன் பாலைவனத்துச் சாகுவாரோ கள்ளி முதல் 8 ஆண்டுகளில் சுமார் 4 செ.மீ. உயரமே வளர்கிறது!

வேரில் இரண்டு வழிகள் உண்டு. கள்ளியின் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே அகலமாகப் பரவும். சிறு தூறல் விழுந்தாலும் புது நுண்வேர்கள் விட்டு உறிஞ்சும், மண் காய்ந்ததும் அவற்றை உதிர்த்துவிடும். சீமைக் கருவேலத்தின் உறவான மெஸ்கிட் மரமோ நிலத்தடி நீரைத் தேடி இறங்கும். அதன் வேர் 50 மீட்டருக்கும் கீழே கண்டெடுக்கப்பட்டிருக்கிறது.

சில ஒருபருவச் செடிகள் வறட்சியை விதையாகவே கடக்கின்றன. விதையுறையிலுள்ள முளைப்புத் தடைப்பொருளைக் கரைக்கும் அளவு மழை பெய்தால்தான் முளைக்கும்.

தொட்டிக் கள்ளி பெரும்பாலும் அதிக நீரால்தான் சாகிறது. மண் நனைந்தபடியே இருந்தால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, பூஞ்சை பற்றி அடித்தண்டு அழுகிவிடும். மண் முழுவதும் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள்.