விலையுயர்ந்த கொப்பி வன்னியில் எவ்வளவு தாங்கும்? – கேள்வி பதில்

வவுனியாவில் புத்தகம் கட்டுவதும் சிதைந்த பதிவேடுகளைச் செப்பனிடுவதும் என் தொழில். இறக்குமதிக் கொப்பிகளைக் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுள் என் தொழிலுக்கு உட்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்தப் பேனை நல்லது என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

கேள்வி (முல்லைத்தீவு, களப்பணியாளர்): மோல்ஸ்கீன் என்ற இறக்குமதிக் கொப்பி ஒன்று பரிசாகக் கிடைத்தது. நாள்தோறும் வெளியே கொண்டு திரிந்தால் நிலைக்குமா?

பதில்: அந்தக் கொப்பியில் முதலில் கெடுவது தாள் அன்று. சதுர மீற்றருக்கு 70 கிராம் நிறையுள்ள அமிலமற்ற தாள் அது. மடிப்பு மடிப்பாக நூலால் தைக்கப்பட்டிருப்பதால் ஏடுகள் எளிதில் கழன்று வரமாட்டா. முதலில் தளர்வது மட்டையைச் சுற்றி வரும் இழுபட்டி. வியர்வையும் வெப்பமும் சேர்ந்து அதன் இறுக்கத்தைப் போக்கிவிடும். அடுத்தது மட்டையும் முதுகும் சந்திக்கும் கோடு. காற்சட்டையின் பின்பையில் கொப்பியை வைத்துக்கொண்டு உட்காருபவர்களுக்கு அந்தக் கோட்டின் உட்புறத்தில், ஒட்டுத்தாளின் மேல், முதலில் மயிரிழை அளவில் ஒரு வெடிப்புத் தோன்றும். பின்னர் அதன் ஊடாகக் கீழேயுள்ள வலைத்துணி தெரியும். வெடிப்பாக இருக்கும்போதே மெல்லிய பருத்தித் துணிக்கீற்று ஒன்றை மாப்பசையால் ஒட்டிவிட்டால் கொப்பி முடியும்வரை நிற்கும். பசையில் சிறிதளவு மயில்துத்தம் கலந்துகொள்ளுங்கள். மாப்பசையைத் தேடிவரும் பூச்சிகளுக்காகவே பழைய கட்டுநர்கள் அதைக் கலந்தார்கள். எதைச் செய்தாலும் கொப்பியை ஸ்கூட்டியின் சீற்றுக்குக் கீழே வைக்காதீர்கள்.

கேள்வி (கிளிநொச்சி, ஆசிரியை): ஐயா, மைப்பேனையால் எழுதினால் மை மறுபக்கம் ஊறுகிறது. 120 கிராம் தாளுள்ள கொப்பி வாங்கினால் இது தீருமா?

பதில்: தீரலாம், ஆனால் நிறை கூடியதனால் அன்று. 120 கிராம் என்பது ஒரு சதுர மீற்றர் தாளின், அதாவது பதினாறு ஏ4 தாள்களின், நிறையே தவிர அதன் தரம் அன்று. மை ஊறுவதும் ஊறாததும், தாள் செய்யும்போது நார்களுக்கு நீரை விலக்கும் தன்மை எவ்வளவு ஊட்டப்பட்டது என்பதைப் பொறுத்தவை. ஜப்பானின் டோமோயி ரிவர் தாள் 52 கிராம் மட்டுமே. நாளிதழ்த் தாளைவிடச் சற்றே கனமானது. எழுதியது பின்பக்கத்தில் நிழலாகத் தெரியுமே ஒழிய மை ஊறாது. ஆனால் அத்தகைய தாளில் மை காய நேரம் எடுக்கும். மாரிக்காலத்து ஈரக்காற்றில் இன்னும் நேரம் எடுக்கும். வியர்த்த கையை அதன்மேல் வைத்து எழுதினால், கை பட்ட இடத்தில் மை சீராகப் பிடிக்காது. உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கேள்வி (புத்தகக் கடை உரிமையாளர்): கனமான தாள்தான் உறுதியானது என்பது வாங்குபவர்களின் அனுபவம். நீங்கள் ஏன் அவர்களைக் குழப்புகிறீர்கள்?

பதில்: குழப்பவில்லை. தனித்தாளாகப் பார்த்தால் கனமானது கிழிவதற்குக் கூடுதல் விசை வேண்டும் என்பது உண்மை. கொப்பியில் அப்படி அன்று. கனத்த தாள் விறைப்பாக நிற்பதால் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் அந்த இழுவை முதுகுக்குப் போகிறது. ஜேர்மனியின் லொய்ஷ்ட்டூர்ம் நிறுவனம் 120 கிராம் பதிப்பில் பக்கங்களைக் குறைத்திருப்பதையும் பாருங்கள். முதுகு நூலால் தைக்கப்படாமல் சூட்டுப் பசையால் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால், கனத்த தாளே முன்னதாகக் கழரும்.

கேள்வி (அதே ஆசிரியை): அப்படியானால் நம் கடைகளில் கிடைக்கும் சீ.ஆர். எனப்படும் தடித்த மட்டைக் கொப்பியே போதுமா?

பதில்: கணக்கெழுதவும் பாடக்குறிப்பு எழுதவும், குமிழ்முனைப் பேனையாக இருந்தால், போதும். நூல்தையலும் துணிமுதுகும் உள்ள சீ.ஆர். கொப்பி அடிபடுவதில் இறக்குமதிக் கொப்பிக்குக் குறைந்தது அன்று. கூடுதல் விலை பெரும்பாலும் எழுதும் சுகத்துக்குத்தான். மரக்கூழில் இயல்பாக உள்ள லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாத மலிவுத் தாள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும். பிள்ளைகளுக்கென வைத்துப்போகும் எழுத்தாக இருந்தால் அமிலமற்ற தாளுக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி (கடை உரிமையாளர்): தையல் உள்ளதா என்று வாங்குபவர் எப்படி அறிவார்? கடையில் பிரித்துப் பார்க்க முடியாதே.

பதில்: பிரிக்க வேண்டியதில்லை. கொப்பியின் மேல்விளிம்பை மேலிருந்து பார்த்தால் தாள்கள் சிறு சிறு மடிப்புகளாகக் கூடியிருப்பது தெரியும். ஒவ்வொரு மடிப்பின் நடுப்பக்கத்திலும் நூல் தெரியும். ஒட்டு மட்டும் என்றால் முதுகுவரை தட்டையான ஒரே அடுக்காக இருக்கும். இன்னொன்றையும் பாருங்கள்: ஏட்டை நெடுக்காகவும் குறுக்காகவும் மெல்ல வளையுங்கள். முதுகுக்கு இணையாக எளிதில் வளைந்தால் நார் சரியான திசையில் ஓடுகிறது. எதிர்மாறாக இருந்தால் விலை என்னவானாலும் கொப்பி தட்டையாக விரியாது. ஈரம் பட்டால் அலையலையாக நெளியும். உங்கள் கடையிலேயே இதைச் செய்து காட்டினால் வியாபாரம் கூடுமே தவிரக் குறையாது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): வெள்ளத்தில் நனைந்த கொப்பியை வெயிலில் காயவைக்கலாமா?

பதில்: கூடாது, மட்டை முறுகி முதுகு பிளக்கும். நிழலில், காற்றோட்டத்தில், சில ஏடுகளுக்கு ஒன்றாக ஒற்றுத்தாள் இட்டு அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு நாட்களுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி (மாங்குளம்): செயற்கைத் தோல் மட்டை பொருக்குப் பொருக்காக உரிகிறது. போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. செயற்கைத் தோலின் மேலுள்ள பொலியூரித்தேன் என்னும் பிளாஸ்ரிக் பூச்சை வெப்பமும் ஈரமும் சிதைக்கின்றன. திருத்த இயலாது, துணி உறை போடுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): இடம்பெயர்வில் காப்பாற்றிய அப்பாவின் கணக்குக் கொப்பியை லேமினேற் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டும் அந்தப் பசையைப் பின்னர் பிரிக்க இயலாது. இறுகக் கட்டிய பொலித்தீன் பையும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் முட்டாத உயரமான தட்டில் வையுங்கள்.

கேள்வி (பரந்தன்): கறையான்?

பதில்: வீட்டுக்கே மருந்தடிக்க வேண்டும். அது என் துறை அன்று.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 100 கிராமா, 120 கிராமா, எது நீடிக்கும்?

பதில்: கடை உரிமையாளருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): ஸ்கூட்டியில் வைத்திருந்த ஒட்டுக் கொப்பியின் ஏடுகள் கொத்தாகக் கழன்றன. தாளின் நிறை போதாதா?

பதில்: தாளில் பிழையில்லை, சீற்றுக்கு அடியிலுள்ள சூட்டில் பசை இளகிவிட்டது. கழன்ற ஏடுகளை வரிசை மாற்றாமல் கொண்டு வாருங்கள், தைத்துத் தருகிறேன்.