தினமும் பால் குடித்தால் லாக்டேஸ் மறுபடி சுரக்குமா?

கேள்வி: எனக்கு 34 வயது. பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடா என்கிறது. சில நாள் பேதியும் ஆகிறது. தயிர் ஒன்றும் செய்வதில்லை. பரிசோதித்த மருத்துவர், பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைவு என்றார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கையோ, "லாக்டோஸ் கொடுத்தால் அதைச் செரிக்கும் மரபணு தானாக இயங்கும் என்று பாடத்திலேயே இருக்கிறது. விடாமல் குடி, சரியாகிவிடும்" என்கிறாள். குடிக்கலாமா?

பதில்: தங்கை பாடத்தைச் சரியாகவே படித்திருக்கிறார். ஆனால் அது ஈ. கோலை என்ற பாக்டீரியாவைப் பற்றிய பாடம். உங்கள் சிறுகுடல் செல்லில் அந்த ஏற்பாடு கிடையாது. எத்தனை டம்ளர் குடித்தாலும் உங்கள் லாக்டேஸ் மரபணு அதைக் கண்டு வேகமெடுக்காது.

மரபணுவில் உள்ள செய்தியை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்தால்தான் நொதி உருவாகும். ஈ. கோலையில் லாக்டோஸுக்கான மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன; லாக் ஓப்பரான் என்பார்கள். லாக்டோஸ் இல்லாதபோது ஓர் அடக்கிப் புரதம் அவற்றின் தொடக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்கு வழிவிடாது. அந்தப் பிடி அவ்வப்போது நழுவுவதால் செல்லில் கொஞ்சம் நொதி எப்போதும் இருக்கும். லாக்டோஸ் உள்ளே வந்ததும் அந்தக் கொஞ்ச நொதி அதில் ஒரு பகுதியை அல்லோலாக்டோஸாக மாற்றும். அது ஒட்டிக்கொண்டதும் அடக்கி டி.என்.ஏ.வை விட்டு விலகிவிடும். சில நிமிடங்களில் நொதி குவியத் தொடங்கும். பக்கத்திலேயே குளுக்கோஸ் இருந்தால் மட்டும் முழு வேகம் வராது. அதைத் தின்று முடித்த பிறகுதான் லாக்டோஸ். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் 1961-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். 1965-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையே இல்லாத ஓர் உயிர் இப்படிக் கணக்குப் பார்ப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

நம் செல்லில் கதை வேறு. ஒவ்வொரு உட்கருவிலும் சுமார் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ., ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றி அடைக்கப்பட்டிருக்கிறது. பாக்டீரியாவில் தடுப்பு விலகினால் பெரும்பாலும் போதும். இங்கே முதலில் சுருளைத் தளர்த்த வேண்டும், அப்புறம் பல புரதங்கள் ஒன்றுகூடி பாலிமரேஸை அழைத்து வர வேண்டும். உங்கள் தோல் செல்லிலும் லாக்டேஸ் மரபணு இருக்கிறது. அதை இயக்கும் புரதக் கூட்டணி அங்கே இல்லை, அதனால் சும்மா கிடக்கிறது.

அழைப்புக் கொடுக்கும் டி.என்.ஏ. பகுதி மரபணுவை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. லாக்டேஸுக்கு அது சுமார் 14,000 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) தள்ளி, எம்.சி.எம்.6 என்ற வேறொரு மரபணுவுக்குள் இருக்கிறது! இடையில் உள்ள டி.என்.ஏ. வளைந்து கொடுக்க, அந்தப் பகுதி லாக்டேஸின் தொடக்கத்தைத் தொட்டு வேலை செய்கிறது. பால்குடி மறந்த சில வருடங்களில் அங்கே மெத்தில் குறிகள் (டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் சிறு வேதிக் குறிகள்) சேர்ந்து, படியெடுத்தல் மெல்ல அடங்குகிறது. உலகத்தில் பெரும்பான்மையோருக்கு இப்படித்தான். ஆகவே இது நோய் இல்லை, தயவுசெய்து பயப்படாதீர்கள்.

அப்படியானால் சிலர் எழுபது வயதிலும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்களே? அந்தத் தொலைதூரப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து, சைட்டோசினுக்குப் பதில் தைமின், மாறியிருந்தால் அது அடங்குவதில்லை. ஃபின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2002-இல் இதைக் கண்டார்கள். இந்தியாவிலும் அதே மாற்றம் இருக்கிறது; வடமேற்கில் அதிகம், தெற்கே குறைவு. கிழக்கு ஆப்பிரிக்காவின் கால்நடை மேய்க்கும் மக்களில் பக்கத்திலேயே வேறு எழுத்து மாறியிருக்கிறது. லாக்டேஸ் மரபணு எல்லோரிடமும் நன்றாகவே இருக்கிறது, அதை எத்தனை வயது வரை படிப்பது என்பதில்தான் வித்தியாசம்.

சரி, என்ன செய்யலாம்? லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குவார்கள். 200 மில்லி பாலில் 9, 10 கிராம்தான் இருக்கும். வெறும் வயிற்றில் முழு டம்ளர் வேண்டாம். சாப்பாட்டோடு அரை டம்ளரில் தொடங்கிப் பாருங்கள். தயிரைத் தாராளமாகச் சாப்பிடலாம். அதிலுள்ள பாக்டீரியா லாக்டோஸின் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுகிறது. கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் நெத்திலியும் இருக்கின்றன. மலத்தில் ரத்தம், எடை குறைவு, இரவில் எழுப்பும் பேதி இருந்தால் அது லாக்டோஸ் விஷயம் அல்ல; மருத்துவரைத் திரும்பப் பாருங்கள். கடுமையான வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு ஆரம்பித்ததா என்பதையும் சொல்லுங்கள். அப்படிக் குறைந்த லாக்டேஸ் பெரும்பாலும் குடல் ஆறியதும் தானாகத் திரும்பும்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் பால் சேர்த்து வரும் சிலருக்கு, இரண்டு மூன்று வாரத்தில் உப்பிசம் நிஜமாகவே குறைகிறது. அவர்களை அளந்து பார்த்தால் சிறுகுடலின் லாக்டேஸ் முன்பு இருந்த அளவில்தான் இருக்கும். மாறியது பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டம்: லாக்டோஸைப் பக்குவமாகக் கையாளும் வகைகள் அங்கே பெருகிவிடுகின்றன. தங்கையிடம் இதையும் சொல்லுங்கள். அவர் படித்த பாடம் உங்கள் வயிற்றுக்குள்ளேயே, பாக்டீரியாக்களிடம் நடந்துகொண்டிருக்கிறது.