மகன் தந்த கைப்பேசி, நாத்தனார் தரும் சிம்

கேள்வி: டிசம்பரில் நானும் கணவரும் திருச்சி போகிறோம். தஞ்சாவூரில் நாத்தனார் வீடு, அப்புறம் பழனி, மொத்தம் பதினைந்து நாள். மகன் தன் பழைய கைப்பேசியைக் கொடுத்து, "இந்தியா சிம்மை இதில் போட்டுக்கொள்ளுங்கள், வங்கி ஆப்பையும் இதிலேயே ஏற்றித் தருகிறேன்" என்கிறான். நாத்தனாரோ தன் பெயரில் ஒரு சிம் வாங்கி வைப்பதாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம், அக்கா. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பதினான்கு வருடம் கைப்பேசிக் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன்.

முதலில் வங்கி. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை விட்டுவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி நம் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. இப்போது ஒப்புதல் எல்லாம் ஆப்பில்தான், அதுவும் ஒரே கைப்பேசியில். புதிதாக வேறொன்றில் ஏற்றினால் சில மணி நேரம் காக்க வைப்பார்கள். புறப்படும் நேரத்தில் அதைக் கிண்டாதீர்கள்.

நாத்தனார் பெயரில் சிம் வேண்டாம். அந்த எண்ணில் எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நீங்களே பாஸ்போர்ட், விசா காட்டி வாங்கலாம். ஆனால் லைன் வர ஒரு நாள்கூட ஆகலாம்.

உங்கள் கைப்பேசியில் *#06# அழுத்திப் பாருங்கள். இஐடி (EID) என்று 32 இலக்க எண் வந்தால் இ-சிம் ஏறும். அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம் அது. இந்தியாவுக்கான இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். அதற்கு ஒரு க்யூஆர் படம் வரும். அது உங்கள் திரையிலேயே இருந்தால் உங்கள் கேமராவைக் காட்டுவது எப்படி? மகனுடைய பழைய கைப்பேசியில் திறந்து வையுங்கள், அதுவும் ஒரு வேலைக்கு ஆகட்டும்.

மலேசிய சிம்மைக் கழற்றாதீர்கள். அதில் டேட்டா ரோமிங்கை, அதாவது வெளிநாட்டில் நெட் எடுப்பதை, மட்டும் அணைத்துவிடுங்கள். இ-சிம்முக்கு ரோமிங் திறந்திருக்க வேண்டும். பயந்துபோய் இரண்டையும் அணைத்துவிட்டு, "நெட் வரவில்லை" என்று திருச்சியிலிருந்து எனக்குப் போன் போட்டவர்கள் உண்டு. வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மலேசிய எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்காமல் வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள். ரோமிங்கில் அழைப்பை எடுத்தாலும் காசு.

2019இல் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பும்போது திருச்சி விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்த இருபது நிமிடத்தில், எடுத்த படத்தையெல்லாம் என் கைப்பேசி ரோமிங்கில் தானாகவே இணையத்தில் ஏற்றிவிட்டது. பில் 214 வெள்ளி (ரிங்கிட்). கடைக்காரனுக்கே இந்தக் கதி!

இஐடி வரவில்லையா? உங்கள் மலேசிய சிம் கம்பெனியிலேயே பழனிக்குப் போகும் நாள்களுக்கு மட்டும் ரோமிங் பாஸ் எடுங்கள். தஞ்சாவூரில் நாத்தனார் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தால் போதும்.

கேள்வி: மதுரை நண்பர் தைப்பூசத்துக்கு வருகிறார். சிம் எங்கே வாங்குவது?
– வாசகர், செந்தூல்

பதில்: கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) வருகைக் கூடத்திலேயே கடைகள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போட்டுக் கொடுப்பார்கள். லைன் வந்ததைப் பார்த்துவிட்டு நகரச் சொல்லுங்கள். கழற்றிய இந்தியா சிம் பொடிசாக இருக்கும், தொலையாமல் அதைப் பாஸ்போர்ட் அட்டைக்குள் டேப் போட்டு ஒட்டி வைக்கட்டும். பத்துமலைக் கூட்டத்தில் எந்த லைனும் திணறும். எங்கே சந்திப்பது என்று முதல் நாளே பேசி வையுங்கள்.