அடிக்காமல் நிற்கும் பையன்

அன்புள்ள ஐயா,

கீழக்கரைப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. பள்ளி பேஸ்பால் அணியில் இந்த ஆண்டு பந்து எறிபவன் அவன்தான். எங்கே ஆட்டம் நடந்தாலும் போய்விடுவேன். போனில் வீடியோ படம் எடுத்துக் கணவருக்கு அனுப்புவேன். வம்பே அதில்தான் தொடங்குகிறது. அவர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். "வருகிற பந்தை அடிக்காமல் ஏன் சும்மா நிற்கிறான், பயமா?" என்று போனிலேயே அவனைத் திட்டுகிறார். அதனால் இப்போதெல்லாம் நன்றாக அடித்ததை மட்டும் வெட்டி அனுப்புகிறேன். போன வாரம் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், இரண்டிலும் இவனே எறிந்தான். இரவு முழங்கை வலிக்கிறது என்றான். "வாப்பாவிடம் சொல்ல வேண்டாம் உம்மா" என்றும் சொன்னான். எனக்கு ஆட்டம் முழுதாகப் புரியவில்லை. நான் வெட்டி அனுப்புவது சரிதானா? கணவருக்கு எதைத்தான் அனுப்புவது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

முழங்கையிலிருந்து தொடங்குகிறேன். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் படத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். படம் காத்திருக்கும், முழங்கை காத்திருக்காது.

வலி உள்பக்கத்தில்தானா என்று கேளுங்கள். இந்த வயதில் முழங்கையின் உள்பக்கத்தில் எலும்பு வளரும் இடம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பந்தை வேகமாக எறியும்போதெல்லாம் தசையும் தசைநாரும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கின்றன. ஓய்வில்லாமல் எறிந்தால் அது புண்பட்டு வீங்கும். சிலருக்கு எலும்பிலிருந்து விலகியே போகும். அமெரிக்காவில் இதற்கு 'லிட்டில் லீக் எல்போ' என்று பெயரே இருக்கிறது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை பையன் எறிய வேண்டாம். தைலம் தேய்த்து மறுநாள் மைதானத்துக்கு அனுப்பும் வீரமெல்லாம் இதில் உதவாது.

லிட்டில் லீக் என்பது 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய சிறுவர் பேஸ்பால் அமைப்பு. 2007 முதல் அங்கே ஒரு பையன் எத்தனை பந்து எறியலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 11, 12 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 85. அதிலும் 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தால் அடுத்த நான்கு நாள் எறியக் கூடாது. 21-ஐத் தொட்டாலே ஒரு நாள் ஓய்வு. உங்கள் மகன் அன்று எத்தனை எறிந்தான்? நீங்களும் எண்ணியிருக்க மாட்டீர்கள், ஆசிரியரும் எண்ணியிருக்க மாட்டார். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கட்டுப்படியாக வேண்டுமென்று போட்டிகளை ஓரிரு நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். நன்றாக எறிகிற ஒருவன் இருந்துவிட்டால் எல்லாம் அவன் தோளில்தான்.

இனி உங்கள் கணவர் கேட்ட கேள்வி. அது பயம் இல்லை. கிரிக்கெட்டில் விட்ட பந்து வெறும் விட்ட பந்துதான், அகலப் பந்து என்றால் ஓர் ஓட்டம். பேஸ்பாலில் மட்டையாளர் மட்டையை வீசாமல் விட்ட பந்து, முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில், அவர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் என்ற தட்டுக்கு நேராக வராவிட்டால் 'பால்' என்று கணக்கு. அப்படி நான்கு சேர்ந்தால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, ஓடித் தொட வேண்டிய முதல் முனையான முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். எதை விடுவது என்று கண்ணுக்குத் தெரிந்த பையன்தான் இதைச் செய்ய முடியும். அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் 1941-இல் .406 என்ற அடி சராசரி வைத்தார். இன்றும் அண்ணாந்து பார்க்கும் எண் அது. அதன் பொருள், அந்தப் பெரிய ஆண்டிலும் பத்துக்கு ஆறு முறை அவருக்கு அடி கிடைக்கவில்லை என்பது. அதே ஆண்டில் 140-க்கும் மேற்பட்ட முறை அடிக்காமலே நடந்து போய் முதல் பேஸில் நின்றார். அவரையும் உங்கள் கணவர் போனில் திட்டியிருப்பார்!

வெட்டி அனுப்புவது சரியில்லை என்றே நினைக்கிறேன். அடித்ததை மட்டும் பார்க்கிறவர், எப்போதும் அடிக்கிற ஒரு மகனை மனதில் வைத்துக்கொள்வார். அடுத்த முறை அவன் வெறுங்கையோடு திரும்பினால் கோபம் இரட்டிப்பாகும். பையனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். உம்மா தோற்றதை மறைக்கிறார், அவன் வலியை மறைக்கிறான். வீட்டில் எதை வாப்பாவுக்குக் காட்டலாம் என்பதை அவன் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டான். சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தை விடுங்கள். ஆட்டக்கணக்கு எழுதுங்கள். இந்தக் கணக்குமுறைக்கு வழிபோட்ட ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், நியூயார்க்கில் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிச் செய்தி எழுதியவர். உங்கள் கணவரின் கட்சிக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட நோட்டு போதும். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு: எறிபவர் 1, பிடிப்பவர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, பின்னால் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து ஆளை வெளியேற்றினால் 6-3, அவ்வளவுதான். மட்டையை வீசியும் படாத பந்தும், நேராக வந்தும் வீசாமல் விட்ட பந்தும் 'ஸ்ட்ரைக்'. மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறினால் ஆங்கில 'கே'. மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு மட்டையை வீசாமலே வெளியேறினால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். என் தங்கை மகள் சாப்ட்பால் ஆடிய நாட்களில், ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்தில் கச்சான் காற்று மண்ணை முகத்தில் வாரி இறைக்க, நானும் இப்படித்தான் எழுதிப் பழகினேன். பந்து சீமைக்கருவேலத்துக்குள் போய்விட்டால் தேடி எடுக்கும் நேரத்தில் விட்டதை எழுதிக்கொள்ளலாம். அந்த வசதி நம் ஊரில் தாராளம்.

பக்கத்தின் ஓரத்தில் உங்கள் மகன் எறியும் பந்துகளுக்கு, ஏலக் கரையில் கூடை எண்ணுகிறவர்போல ஐந்தைந்தாகக் கோடு போடுங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்புங்கள். அடித்தது, விட்டது, கோட்டைவிட்டது எல்லாம் அதில் இருக்கட்டும். கணவர் முதல் வாரம் ஒன்றும் புரியாமல் எரிச்சல்படுவார். பிறகு "ஐந்தாவது இன்னிங்ஸில் இது என்ன?" என்று மகனிடம் கேட்பார். திட்டுவதற்குப் பதில் கேட்க ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்தது. 2023 நவம்பரில் துபாய் சர்வதேச கிரிக்கெட் மைதானத்திலேயே பேஸ்பால் ஆடினார்கள். அந்தப் பக்கம் இனி ஆட்டம் நடந்தால், விடுமுறை நாளில் அவர் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கட்டும்.

முழங்கை வலியை அவரிடம் சொல்வது மகனின் வேலை, உங்களுடையது அன்று. போனை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

உடற்கல்வி ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த போட்டிக்கு முன் நோட்டைக் காட்டி, "எறியும் பந்துகளை நான் எண்ணிச் சொல்கிறேன், 66-க்கு முன்பே வேறு பையனை எறியச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். எண்ண ஓர் ஆள் கிடைத்தது என்று அவர் மகிழவே வாய்ப்பு அதிகம். மறுத்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.